‘ஏனுங்க’வுக்குச் சிந்தியில் வார்த்தை இல்லை

வேலையை விட்டு நின்ற பிறகு என்னைப் போனில் கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். போன மாதம் கவிதா கூப்பிட்டாள். திருப்பூர் நல்லூரில் நான் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்த அதே கம்பெனியில் இப்போது அவள் மெர்ச்சண்டைசர். கம்பெனி கை மாறிவிட்டது. ஆனால் சரக்கு வாங்குகிற துபாய்க்காரர்களும் நைஜீரியாக்காரர்களும் பழைய ஆட்கள்தான். எல்லாரும் சிந்திக்காரர்கள். இங்கிலீஷில் கறாராகப் பேசுகிறவர்கள், நாம் சிந்தியில் இரண்டு வார்த்தை சொன்னால் உருகிவிடுவார்கள்.

“அக்கா, பெரிய பெரிய வார்த்தையெல்லாம் போனே மாத்திக் குடுத்துருதுங்க. இந்த உள்ளே, மேலே, கூட, இல்லாம, ஆனா, அப்புறம், இதுலதான் தடுமாறுது. ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. புதுசா வர்றவங்களுக்கு நீங்கதான் சொல்லிக் குடுப்பீங்களாமா” என்றாள்.

சரியென்று உட்கார்ந்தேன். மூன்று வார்த்தை எழுதியதும் கை நின்றுவிட்டது. அந்த வார்த்தைகளை நான் கடைசியாகச் சொல்லிக்கொடுத்தது கம்பெனிக்குப் புதிதாக வந்த ஆளுக்கு அல்ல. எங்கள் முதலாளியின் மனைவிக்கு. அதை விட்டுவிட்டு வெறும் வார்த்தைகளை எழுதிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆகவே, கவிதா, நீ கேட்டது இதற்குள்ளே இருக்கிறது. பொறுமையாகத் தேடி எடுத்துக்கொள்.

நான் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகித் திருப்பூர் வந்தேன். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார், சீக்கிரமே போய்விட்டார். அந்தக் கதை இங்கே வேண்டாம். நான் செக்கிங் டேபிளில் நூல் பிசிறு வெட்டுவதில் தொடங்கி, மடிப்பு, பாலி பேக், ஸ்டிக்கர் என்று நகர்ந்து பேக்கிங்குக்கு வந்து சேர்ந்தேன். பைபிளைத் தவிர வேறு புத்தகம் அறியாத எனக்குச் சிந்தி பாஷை வந்ததற்குக் காரணம் எங்கள் முதலாளி.

அவர் பெயர் கிஷின்சந்த். நாங்கள் தாதா என்போம். அவர்கள் பாஷையில் தாதா என்றால் அண்ணன். இது தெரியாமல் புதிதாகச் சரக்கு ஏற்ற வருகிற லாரி டிரைவர்கள், “தாதாகிட்ட கையெழுத்து வாங்கணும்” என்று நாங்கள் சொன்னதும் வெலவெலத்துப் போவார்கள். உள்ளே போனால் மூக்குக் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையுமாக, கோழிக்குஞ்சுக்குக்கூடக் கெடுதல் நினைக்காத ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார்.

கத்துகிற முதலாளிகளைப் பார்த்தே பழகிய எனக்கு அவர் போக்கு புதிதாக இருந்தது. பெட்டியில் தப்பு கண்டுபிடித்தால் யாரையும் கூப்பிட மாட்டார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, டேப்பைக் கிழித்து, ஒவ்வொரு பீஸாக வெளியே எடுத்து மடியில் வைப்பார். ஸ்மாலும் மீடியமும் லார்ஜும் எந்தக் கணக்கில் கலந்திருக்க வேண்டுமோ அந்தக் கணக்கில் தானே அடுக்குவார். வாய் மட்டும் சிந்தியில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும். முதலாளி தரையில் உட்கார்ந்திருக்க நாம் எப்படி நிற்பது? மொத்தப் பேக்கிங் பிரிவும் உட்கார்ந்துவிடும். திட்டு வாங்கியிருந்தால் மறந்திருப்போம். அந்த உட்காரலை யாரும் மறக்கவில்லை.

வெளியூர்க் கஸ்டமர்கள் நேராகக் குடோனுக்கே போன் போடுவார்கள். தாதா இல்லாத நேரத்தில் எடுத்துப் பேச ஓர் ஆள் வேண்டும். அதற்காகத்தான் எனக்குப் பாடம் தொடங்கினார். பெயர்ச்சொல்லைத் தமிழிலேயே விட்டுவிட்டு வாலை மட்டும் சிந்தியில் ஒட்டுவார். பெட்டி மே, பெட்டிக்குள்ளே. பெட்டி தே, பெட்டிமேலே. பெட்டி ஹேட், பெட்டிக்கு அடியில். பெட்டி மாம், பெட்டிக்குள்ளிருந்து. லேபிள் ஸாம் என்றால் லேபிளோடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பனியனை உள்ளே வைத்து, மேலே வைத்து, அடியில் செருகி, வெளியே எடுத்துக் காட்டுவார். நம் தமிழ் மாதிரியே அவர்களுக்கும் இந்த வார்த்தைகளெல்லாம் பெயருக்குப் பின்னால்தான் வரும். அதனால் இங்கிலீஷைவிட எனக்கு இது சுலபமாக வந்தது. இரண்டு சீசன் முடிவதற்குள் நைஜீரியாக்காரரிடம் நானே பேசிக்கொண்டிருந்தேன்.

சேர்க்கிற வார்த்தைகளில் அவருக்குப் பிடித்தது ‘பர்’. ஆனால் என்று அர்த்தம். யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டார். “ஹா, பர்…” என்று நிறுத்திவிடுவார். ஆமாம், ஆனால். அதற்கு மேல் பேச மாட்டார். எதிரில் இருப்பவர் தானாகவே மீதியைப் புரிந்துகொண்டு எழுந்து போவார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ‘ஹா பர்’ என்றே அவருக்குப் பெயர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும்.

‘ஐன்’ என்பது இன்னொன்று. நமக்கு ‘நீயும் நானும்’ என்று இரண்டு பக்கமும் உம் ஒட்டும். அவர்களுக்கு ‘ஐன்’ நடுவில் தனியாக நிற்கும். ஆனால் நான் அதைக் கற்றுக்கொண்டது பாடத்தில் இல்லை. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு தாதா குடோனிலேயே இருந்து மும்பைப் பக்கம் இருந்த தன் அம்மாவோடு பேசுவார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கணக்கு முடிக்க நான் இருந்தால் எனக்கும் கேட்கும். “கிஷூ” என்று அந்தக் கிழவி கூப்பிடுவாள். இத்தனை பெரிய மனிதரை அப்படிக் கூப்பிட உலகத்திலேயே அவள் ஒருத்திதான் இருந்தாள். அவர் ஏதாவது சொல்லி நிறுத்துவார். அவள் “ஐன்?” என்பாள். நாம் போனில் “அப்புறம்?” என்கிறோமே, அதேதான். அவர் இன்னொன்று சொல்வார். “ஐன்?” பிறகு இன்னொன்று. கடைசியில் “பஸ், அமாம்”, போதும் அம்மா, என்று சிரித்துக்கொண்டே வைப்பார்.

வீட்டில் போய்ப் பேச வேண்டியதுதானே என்று நீ கேட்கலாம். வீட்டில் சிந்தி கிடையாது. அவர் மனைவி வள்ளியக்கா சாமளாபுரத்துக்காரர். தறிக் குடும்பம், வீடு முழுக்க முருகன் படம். காடாத்துணி வாங்கப் போன இடத்தில் தாதா அவரைப் பார்த்து, கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நின்றிருக்கிறார். இரண்டு பக்கமும் பெரிய சண்டை. கடைசியில் வள்ளியக்காவின் அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். ஊட்டுக்குள்ள எங்க பேச்சுத்தான் பேசோணும், எம்பொண்ணு அந்நியமா நிக்கக்கூடாது. அப்போது மட்டும் தாதா பர் சொல்லவில்லை. வெறும் ஹா சொன்னார், படுக்கையில் விழும்வரை காப்பாற்றினார். மருமகளும் மாமியாரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேச ஒரு பாஷை இல்லை, அவ்வளவுதான். கிழவி இறந்தபோது தாதா மட்டும் போய்விட்டு வந்தார்.

தாதா குடோனில் தங்கிப் பேசுவது வள்ளியக்காவுக்குப் பிடிக்காது. எனக்கு அந்தப் பேச்சு புரியும் என்பது அதைவிடப் பிடிக்காது. வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு வந்து எங்களுக்கெல்லாம் பொரி கொடுப்பார். எனக்குக் கொடுக்கும்போது மட்டும் முகத்தைப் பார்க்க மாட்டார். என் புருஷனின் மனசுக்குள் எனக்குத் தெரியாத ஓர் அறை இருந்து அதன் சாவி இன்னொருத்தியிடம் இருந்தால் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். அதனால் எனக்குக் கோபம் வந்ததில்லை.

நான் வேலையை விட்டு நின்ற வருஷம்தான் தாதா விழுந்தார். காலையில் பல் விளக்கும்போது வலது பக்கம் இழுத்துவிட்டது. வள்ளியக்கா எனக்குப் போன் போட்டார். அதற்கு முன் என்னை அவர் போனில் கூப்பிட்டதே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நான் போய்ச் சேர்ந்தபோது சேர்க்கைச் சீட்டு எழுதுகிற பெண், நோயாளி பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வள்ளியக்கா வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார். நான் சொன்னேன். கிஷின்சந்த்.

புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்களை எங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறேன். வள்ளியக்காவுடையது அதற்கும் மேலே. ரேஷன் கடையிலும் பேங்கிலும் பக்கத்தில் இருக்கிறவர்தான் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சின்ன வயதிலேயே மனசில் ஏற்றிவிட்டார்கள். கல்யாணமான நாள் முதல் அவருக்குத் தாதா ‘ஏனுங்க’தான். “ஏனுங்க, சாப்புட வாங்க. ஏனுங்க, போன் அடிக்குது.” அந்த ஒரு கூப்பாட்டில் பெயர், உறவு, மரியாதை, கோபம் எல்லாம் அடங்கிவிடும்.

உயிர் தப்பியது. பேச்சு போய்விட்டது. கொஞ்ச நாள் கழித்து உதடு அசைந்தபோது முதலில் வந்தது “பர்…” என்பதுதான். அதோடு நின்றுவிட்டது. பர் என்று சொல்லிவிட்டு எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்ப்பார். மீதியைப் புரிந்துகொண்டு எழுந்து போக எங்களால் முடியவில்லை. அந்த ஆனாலுக்குப் பிறகு அவர் என்ன சொல்ல நினைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்புறம் பேச்சு மெல்லத் திரும்பியது. ஆனால் சிந்தி மட்டும்தான் திரும்பியது. தமிழ், இந்தி, இங்கிலீஷ் எதுவும் வரவில்லை, சொன்னால் புரியவும் இல்லை. சிலருக்கு அப்படி ஆவதுண்டு, பிறந்ததும் கேட்ட பாஷை மட்டும் தங்கும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். மற்றது வரலாம், வராமலும் போகலாம். கனடாவிலிருந்து மகன் வந்தான். அவனுக்கும் அப்பாவின் பாஷை தெரியாது. கட்டிலருகே நின்று “அப்பா, அப்பா” என்று அழுதுவிட்டு, லீவு முடிந்து போனான். மும்பையிலிருந்து வந்த தாதாவின் அண்ணன் மகனோ இந்தி பேசுகிறவன், சிந்தி பாதிதான் வந்தது, அவனும் போனான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு நாள் வள்ளியக்கா என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நா ஏனுங்கன்னா அவரு திரும்பறதே இல்லீங்க எஸ்தரு. சுவத்தப் பாக்கற மாதிரிப் பாக்கறாருங்க. அவரு பேச்ச எனக்குச் சொல்லிக் குடுங்க. நா யாருன்னு அவருக்குத் தெரியோணும். அது தெரியாம அவரு போயிரக்கூடாதுங்க.”

இத்தனை வருஷம் பொரி கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காதவர் அன்றைக்கு நேராகப் பார்த்தார். மறுநாளே போனேன்.

முதல் பாடத்தில் அவர் கேட்டது, “ஏனுங்கங்கறத எப்படிச் சொல்றதுங்க?” எனக்குத் தெரிந்த சிந்தியில் அதற்கு வார்த்தை இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு பாஷையில் அதுகூடவா இருக்காது என்று என்னையே சந்தேகமாகப் பார்த்தார். அதை விட்டுவிட்டு, பேக்கிங் டேபிளில் தாதா எனக்குச் சொன்னதையே சொல்ல ஆரம்பித்தேன். பெட்டிக்குப் பதில் கட்டில், பனியனுக்குப் பதில் டம்ளர். கட்டில் தே. கட்டில் ஹேட். டம்ளர் மே. பிறகு அவருக்கு வேண்டிய வாக்கியங்கள். தவ்ஹாம் கே பாணீ கபே? உங்களுக்குத் தண்ணீர் வேண்டுமா? ‘கே’ என்பது நம் ‘கு’. மத்தே மே ஸூர்? தலையில் வலியா? மாம் தவ்ஹாம் வட் ஆஹியாம். நான் உங்கள் பக்கத்தில் இருக்கிறேன். இங்கே ‘மாம்’ நான், ‘வட்’ பக்கத்தில்.

‘தவ்ஹாம்’ நீங்கள், ‘தோ’ நீ. நோயாளியிடம் பேச ‘தோ’ சின்னதாக, சுலபமாக இருக்கும், ‘தோ வட்’ என்றே சொல்லலாம் என்று ஒரு தடவை சொன்னேன். வாயில் புழு வைக்குமுங்க என்று காதைப் பொத்திக்கொண்டார். நாக்கு புரளாவிட்டாலும் பரவாயில்லை, ‘தவ்ஹாம்’தான் என்றார். ‘காம் ஸிவாய்’ என்றால் இல்லாமல். “தவ்ஹாம் காம் ஸிவாய்”, நீங்கள் இல்லாமல். அதை மட்டும் அவர் திருப்பிச் சொல்லவில்லை. அடுத்ததுக்குப் போங்க என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

அறுபது தாண்டியவர், அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். மே, தே, ஹேட், வட். கந்தர் படத்துக்கு விளக்கு ஏற்றும்போதும் அதே முணுமுணுப்புதான். சாமிக்கு என்ன புரிந்ததோ.

ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வள்ளியக்கா தண்ணீர் வேண்டுமா என்று சிந்தியில் கேட்டதும் தாதா கண் விரியும். ஹா என்பார். என்னைப் பார்த்து. கேட்டது இந்தப் பக்கம் நிற்கும் மனைவி, பதில் அந்தப் பக்கம் நிற்கும் எனக்கு. நான் அறையை விட்டு வெளியே போய் நின்று பார்த்தேன். அப்போது கதவைப் பார்த்துப் பதில் சொன்னாராம். அவருடைய பாஷை இருக்கும் இடம் எது என்று மட்டும் எங்கேயோ பதிந்திருந்தது. மனைவி இருந்ததெல்லாம் தமிழில். தமிழ் போனபோது மனைவியும் கூடவே போய்விட்டார்.

“உங்களத்தானுங்க அவருக்குத் தெரியுது” என்றார் வள்ளியக்கா. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நாளையிலிருந்து வரவில்லை அக்கா என்று சொல்லிவிட்டேன். “வாங்க, நீங்களும் வல்லைன்னா அந்த ஹாவும் இருக்காதுங்க” என்றார். போனேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை ஒரு பெண் வீட்டுக்கு வருவாள். நல்ல பிள்ளை. முகத்துக்கு நேராகக் குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பெயர் ஆழத்தில் இருக்கும், அதைப் பிடித்து இழுத்தால் மற்றது வரலாம் என்று வள்ளியக்காவிடம் சொன்னாள். வள்ளியக்கா எழுந்து போய், நன்றாக மடித்திருந்த துண்டை உதறி மறுபடி மடித்தார். அந்தப் பெண்ணே கிஷின்சந்த் என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அசைவில்லை. அது அவருக்குப் போர்டிலும் பில்லிலும் இருந்த பெயர். சின்ன வயதில் வேறு எப்படியாவது கூப்பிடுவார்களா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு வள்ளியக்கா சமையலறை வாசலில் நின்றபடி கேட்டார். “அவங்கம்மா போன்ல எப்படிங்க கூப்புடுவாங்க? நீங்க கேட்டிருப்பீங்களே.”

சொன்னேன். கிஷூ.

அதற்குப் பிறகு வந்த ஒரு வாரம் அவர் பாடமே கேட்கவில்லை. தாதா நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். ஜன்னல் வழியே வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. பக்கத்துத் தெரு ஓவர்லாக் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கால்மாட்டில் நின்றேன். வள்ளியக்கா தலைக்குக் குளித்து, நெற்றியில் விபூதியோடு வந்தார். கட்டிலருகே நின்று கைகளைப் பிசைந்தார்.

“சொன்னா ஆயுசு கொறையும்பாங்க. இனிக் கொறையறதுக்கு என்னங்க இருக்குது” என்று என்னிடம் சொன்னார். என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை, படத்தில் இருந்த முருகனிடம் சொன்ன மாதிரி இருந்தது.

பிறகு குனிந்தார். “கிஷூ” என்றார். முதல் தடவை காற்றுதான் வந்தது. மறுபடியும், “கிஷூ.”

தாதா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக அவரைப் பார்த்தார். விழுந்த நாளிலிருந்து அந்த முகத்தில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. வள்ளியக்காவின் கை என் பக்கம் நீண்டு என் மணிக்கட்டைப் பிடித்தது. கிடைத்துவிட்டார், தெரிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

“அமாம்” என்றார் தாதா.

வலியில் எல்லாரும் அம்மா என்று முனகுவார்கள். இது அது இல்லை. கூப்பிட்டவளுக்குச் சொன்ன பதில். அதற்கு மொழிபெயர்ப்பு கேட்டு வள்ளியக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு பாஷையிலும் வித்தியாசம் அவ்வளவாக இல்லை. தாதா இன்னும் ஏதோ சொன்னார். கேட்காமலே நான் சொன்னேன், “வந்துட்டியான்னு கேக்காருக்கா.”

என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. இவர் உங்கள் மனைவி என்று சிந்தியில் சொல்ல எனக்கு வார்த்தை இருந்தது. வாய் திறக்கப் போனேன். வள்ளியக்கா தலையை மட்டும் அசைத்து வேண்டாம் என்றார். வெகு நேரம் தாதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னோடு ஜோடியாக வாழ்ந்த முகம். தான் ஒரு வார்த்தைகூடப் பேசியிராத மாமியாரைத் தேடிக்கொண்டிருந்த முகம்.

“பையனை எப்படிங்க கூப்புடுவாங்க?” என்று கேட்டார்.

“புட்.”

கட்டிலில் உட்கார்ந்து அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “ஹா புட். மாம் தோ வட் ஆஹியாம்” என்றார். ஆமாம் மகனே, நான் உன் பக்கத்தில் இருக்கிறேன். எந்தத் ‘தோ’வுக்குக் காதைப் பொத்திக்கொண்டாரோ அந்தத் ‘தோ’வைத் தடுமாறாமல் சொன்னார். அன்று நான் கொல்லைப் பக்கம் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் போனபோதுகூட அப்படி அழவில்லை.

அதற்குப் பிறகு தாதா இருந்த நாளெல்லாம் வள்ளியக்கா அவருக்கு அம்மாதான். சாப்பாடு கொஞ்சம் இறங்கியது. பேச்சு நிறைய வந்தது. கிழவி போனில் என்ன சொல்வாள் என்று என்னிடம் கேட்டு வள்ளியக்கா ‘ஐன்’ கற்றுக்கொண்டார். தாதா ஏதாவது சொல்லி நிறுத்துவார், இவர் “ஐன்?” என்பார். அவர் தொடருவார். ஒரு பட்டத்தைப் பற்றி, ஓர் ஆற்றைப் பற்றி, பிரிவினையின்போது தங்கிய அகதி முகாமில் தொலைந்த ஒரு செருப்பைப் பற்றி. நான் மொழிபெயர்க்கப் போனால் வேண்டாமுங்க என்பார். “அவங்கம்மாவுக்குச் சொல்றாரு. நா எதுக்குங்க ஒட்டுக் கேக்கோணும்?”

ஒரே ஒரு நாள் மட்டும், தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டார். “எம்பேரு எப்பவாச்சும் அதுல வருதுங்களா?” பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். எனக்கு அது வராது. இல்லை அக்கா என்றேன். “கல்யாணத்துக்கு முந்துன கதையா இருக்குமுங்க” என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு தட்டை அலம்பினார்.

கடைசி நாளும் பகல்தான். நான் போனபோது வள்ளியக்கா அவர் தலையை மடியில் வைத்திருந்தார். தாதா ஏதோ சொல்லிக்கொண்டிருந்து நிறுத்தியிருந்தார். “ஐன்?” என்றார் வள்ளியக்கா. பதில் இல்லை. தலையைத் தடவிக்கொண்டே மறுபடி “ஐன்?” என்றார். எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்துவிட்டது. “ஐன், புட்?”

பிறகு அவருக்கும் தெரிந்தது. கத்தவில்லை. அவர் தலையை மெதுவாகத் தூக்கித் தலையணையில் வைத்தார், தன் சேலையைச் சரிசெய்துகொண்டார், கட்டிலை விட்டு இறங்கி எப்போதும் நிற்கிற மாதிரி ஓரமாக நின்றார்.

“ஏனுங்க” என்று கூப்பிட்டார். “ஏனுங்க… நானுங்க.”